பனிக்குள் தூக்கிய கை

மலர், கதிர், ஊரிலிருந்து வந்ததிலிருந்து இரண்டு பேரும் விடாமல் கேட்கிறீர்கள். மலைக்கு மீன் பிடிக்கப் போன அப்பா ஒரு மீன்கூடக் கொண்டு வராமல், முள் இல்லாத ஒரு ரப்பர் மீனை மட்டும் கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் ஏன் வைத்திருக்கிறார் என்று. உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "பசங்ககிட்ட சொல்லாதீங்க, படுக்க பயப்படுவாங்க" என்றாள். வாயால் சொன்னால் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் கை வலிக்கும், கூட்டிச் சொல்ல முடியாது. பத்தாவதோடு நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் மலர் திருத்திக்கொள்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மேல்நெல்லி என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற காளி, தன் கிணற்று மோட்டார் எரிந்துபோய், அதைத் தூக்கிக்கொண்டு போளூரில் நம் கடைக்கு வந்திருந்தான். செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தேன். "நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்கண்ணா. எங்க ஏரியில விரால் கெடக்குது. அந்தத் தூண்டில் ரப்பர் பொம்மைங்களயும் எடுத்துனு வாங்க" என்றான். மோட்டாருக்காகப் போனேனா விராலுக்காகப் போனேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பஸ்ஸில் மோட்டாரை என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "இவரு உங்க கூட வந்தவரா? கால நீட்டிப் படுத்துக்கினாரே" என்றார். மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மோட்டார் எழுந்து நடந்தது. முன் சீட்டில் புளி வாங்க வந்த ஆந்திரா வியாபாரி ஒருவர், அதன் மேல் ஒரு காலை வைத்து அமுக்கிக்கொண்டே போனில் தெலுங்கில் பேசினார். எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரியும். "ரோடா இது? மாடு நடந்துகொண்டே மூத்திரம் போன மாதிரி இருக்கிறது. என் காலடியில் வேறு ஒரு இரும்புப் பன்றி" என்று வீட்டில் சொன்னார். பாதி மலையில் டயர் போயிற்று. எல்லோரும் தூறலில் இறங்கி நின்றோம். கீழே போளூரில் காலையில் வியர்வையைத் துடைத்த அதே துண்டை, அங்கே காது மறையக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் காளி வீட்டு வாசலில் ஏறும்போதே ஒரு பெண் ஓடி வந்தாள். காளியின் தங்கை அலமேலு. பக்கத்து வீடு.

"அண்ணா, வழியில எங்கூட்டுக்காரரப் பாத்தீங்களா? செவப்புச் சட்ட."

"கீழே போறவரா? எங்க பஸ் வழியிலேயே நின்னுடுச்சும்மா. எதிர்ல வந்த பஸ்ஸை நான் சரியா பார்க்கல."

காளி உள்ளே இருந்து சிரித்தான். "அது ஒண்ணுமில்லண்ணா. மச்சான் கோவிச்சினு போய்ட்டாரு. கொழம்புல உப்பு இல்லன்னாராம். இவ, 'அப்ப உங்க ஆத்தா வூட்டுலயே போய்த் துன்னுங்க'ன்னாளாம். அந்தம்மா செத்து எத்தினி வருசம் ஆவுது! கேரளாவுக்கு மொளகுத் தோட்டத்துக்குப் போறேன், இனிமே இந்த மலையில காலு வெக்க மாட்டேன்னு கெளம்பிட்டாரு."

"போவட்டும்" என்றாள் அலமேலு. "போனவரு ஒரு போன் பண்ணட்டும்."

அந்த ஊரில் டவர் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி போனைத் தலைக்கு மேல் பிடித்தால் ஒரு கோடு வரும், போகும். இருட்டுகிற வரை அவள் அந்தப் பாறை மேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கித் தன் வீட்டுக்குள் போனாள். போன வருடம் அந்த ஊரிலிருந்து கேரளாவுக்குப் போன ஒருவன் இன்னும் திரும்பவில்லை என்று காளியின் மனைவி என் தட்டில் களியைப் போட்டபடி மெதுவாகச் சொன்னாள்.

அன்றைக்கு விடிய விடிய மழை. எங்கேயோ கரண்டு கம்பம் சாய்ந்துவிட்டது. மோட்டாரை மாட்டிவிட்டு, கரண்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அது வருத்தமாக இல்லை.

விடியற்காலையில் தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். நம்மூரில் பனி என்றால் மார்கழியில் புகை மாதிரி வந்து, பால்காரர் போவதற்குள் கலைந்துவிடும். அங்கே அது ஒரு ஆள் மாதிரி வருகிறது. வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கரையில் நின்றால் என் செருப்பு தெரிந்தது, தண்ணீரில் ஒரு பாய் அகலம் தெரிந்தது, அவ்வளவுதான். வீசிய நூல் அந்தரத்தில் எங்கேயோ போய் முடிந்தது.

கதிர், நீ மிட்டாய் என்று கடித்துப் பார்த்தாயே, அந்தப் பச்சை ரப்பர் மீனைத்தான் முதலில் கட்டினேன். அதன் வாலுக்குப் பக்கத்தில் உன் பல் தடம் இன்னும் இருக்கிறது. முள்ளின் நுனியை அதன் வயிற்றுக்குள் மறைத்துவிட்டால் பாசியில் சிக்காது. வீசி, விழவிட்டு, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, திரும்ப இழுக்க வேண்டும். நின்றிருக்கும்போதுதான் விரால் அடிக்கும். நம்மூர் ஏரிக்கரையில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும்: தூண்டில் போடுகிறவன் வாயைத் திறக்க மாட்டான். யாராவது "இன்னாப்பா, மாட்டுச்சா?" என்று கத்தினால் கையை மட்டும் தூக்குவான். சத்தம் போட்டால் மீன் போய்விடும்.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் கேட்டது.

"ஓ...ஓய்."

எதிர்ப் பக்கத்திலிருந்து. ஆண் குரல். கீழே தொடங்கி, மேலே ஏறி, அங்கே போய் உடைந்து, உடைந்த பிறகு சின்னதாக ஒரு மூச்சு. காளி ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பான் என்று நினைத்தேன். கையைத் தூக்கிக் காட்டினேன். திரும்பக் குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு நல்ல விரால் அடித்தது. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

அதைத்தான் காலைச் சாப்பாட்டுக்குக் குழம்பு வைத்தார்கள். சாமைச் சோறு பார்க்க நொய் மாதிரி இருக்கிறது, குழம்பை ஊற்றினால் எங்கே போயிற்று என்று தெரியாமல் உறிஞ்சிக்கொள்கிறது. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டே காளியிடம் கேட்டேன். "காலையிலே அந்தப் பக்கம் போயிருந்தியா?"

"நானா? இப்பத்தாண்ணா எந்திரிச்சேன்."

"யாரோ கூப்பிட்டாங்களே."

"பேரு சொல்லியா?"

"இல்ல, சும்மா ஓய்னு."

காளி ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். "பனியில நாங்க பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம்ணா. ஆளுக்கொரு கூப்பாடு இருக்குது. சத்தத்தை வெச்சே யாருன்னு தெரியும்."

"பேரு சொன்னா இன்னா?"

"பனி கேட்டுக்கும். அப்பறம் அது உங்களக் கூப்பிடும், நீங்க போய்டுவீங்க" என்று கண்ணை உருட்டினான். பிறகு, "கூப்பாடு கேட்டா பதில் குடுத்துடணும். நீங்க குடுத்தீங்களா?"

"கையைத் தூக்கினேன்."

அவனுக்குப் புரை ஏறிவிட்டது. மனைவி தலையில் தட்டினாள். "பனியில கையா! அலமேலு, கேட்டியா? மெக்கானிக்கண்ணன் பனிக்கு டாட்டா காட்டியிருக்காரு!" அலமேலு சிரிக்கவில்லை. அவள் பாறையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள்.

"வுடுங்கண்ணா" என்றான் காளி. "அந்தாண்ட இப்ப யாரும் போறதில்ல. தண்ணி ஏறிக் கெடக்குது. அது ஏரியோட சத்தம். நாம கத்துனத வெச்சிருந்து திருப்பிக் குடுக்கும்."

எதிரொலி. அது எனக்கு ஏழாம் வகுப்பில் படித்த விஷயம். நிம்மதியாக நான்காவது தடவை சோறு வாங்கினேன்.

அன்று பகல் முழுக்கக் கரண்டு வரவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. அலமேலு இரண்டு தடவை குடையோடு பாறை ஏறினாள்.

மறுநாள் விடியலில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. கரைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையிலேயே ஒரு தடவை வழி தப்பி, யாருடைய சோளக்கொல்லைக்குள்ளோ நுழைந்து திரும்பினேன். தண்ணீர் நேற்றைவிட ஒரு முழம் மேலே வந்திருந்தது. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. பச்சை மீனை வீசினேன். இழுத்தேன், நிறுத்தினேன். பாசி அசைந்தது. பின்னால் ஒரு விரால் தொடர்ந்து வருகிறது என்று தெரிந்தது.

"ஓ...ஓய்."

அதே குரல். மேலே போய் உடைந்து, சின்ன மூச்சு. நான் அசையவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடியும், "ஓ...ஓய்." இந்தத் தடவை அது வலப்பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. பனியில் சத்தத்துக்குத் திசை கிடையாது. ஏரி தன்னிடம் இருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். விரால் அடித்தது. சண்டை போட்டு இழுத்துக் கரையில் போட்டேன். வாயிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது என் கை நின்றுவிட்டது.

திருப்பிக் கொடுக்கிறது சரி. யார் கொடுத்ததை?

நான் நேற்றும் வாயைத் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை. கரையில் வேறு யாரும் இல்லை. கூப்பிடாமல் எதிரொலி எப்படி வரும்?

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பயந்துவிட்டேன். என் முதுகில் ஈரத் துணியைப் போட்ட மாதிரி இருந்தது. மீனை அப்படியே கரையில் விட்டுவிட்டு, ராடை மட்டும் தூக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். பாதையில் ஒரு உருவம் குனிந்திருந்தது. நான் கத்தியே விட்டேன்.

"நான்தாண்ணா" என்றாள் அலமேலு. மோட்டார் ஓடாததால் ஊற்றில் தண்ணீர் எடுக்க வந்திருந்தாள். "இன்னாண்ணா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

சொன்னேன். அவள் குடத்தை நிரப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்பிடிக் கூப்ட்டுச்சு? செஞ்சு காட்டுங்க."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் என்னால் முடிந்த மாதிரி கூப்பிட்டுக் காட்டினேன்.

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"மேல போயி ஒடஞ்சுதா? ஒடஞ்சப்பறம் ஒரு மூச்சு வுட்டுச்சா?"

"ஆமாம்மா."

"அது எனக்குக் குடுக்கற கூப்பாடு" என்றாள். "கொல்லையில இருந்து சோத்துக்கு அவரு அப்பிடித்தான் கூப்பிடுவாரு. அது என்னுது."

அவள் ஓடின வேகத்தில் நான் பின்தங்கிவிட்டேன். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, ஒரு குரல் கொடுத்தாள். அது வேறு மாதிரி, இரண்டு துண்டாக, ஏதோ பறவை கத்துவது போல. பிறகு எதுவுமே இல்லை. பாசியிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். அவள் மூச்சுகூட விடவில்லை.

"...ஓய்."

மெலிதாக, தண்ணீரோடு ஒட்டி வந்தது. அலமேலு அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "ஓடிப் போயி அண்ணன இட்டுனு வாங்க, டியூபு எடுத்தாரச் சொல்லுங்க" என்றாள்.

காளி லாரி டியூபையும் ஒரு கட்டு நைலான் கயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்தான். இந்த முறை வேடிக்கைப் பேச்சு இல்லை. ஏரியின் வால் பக்கத்தில் ஒரு மண் திட்டு இருக்கிறதாம். வறண்ட காலத்தில் அதன் மேலே ஏறிக் குறுக்கு வழியில் ஊருக்கு வந்துவிடலாம். இப்போது சுற்றிலும் தண்ணீரும் சேறும். அவளுடைய கணவன் முருகேசன் அங்கேதான் இருந்தான். "காலு ஒடஞ்சுடுச்சு" என்று பனிக்குள்ளிருந்து சொன்னான். "திட்டு முழுவுது. சீக்கிரம் வா மச்சான்."

காளி டியூபில் ஏறி இரண்டு தள்ளு தள்ளினான். உடனே மறைந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில், "எங்க இருக்கீங்க?" என்று அவன் கேட்கிற குரல் எங்களுக்குப் பின்னால் கேட்டது. வட்டம் அடித்து எங்கள் கரைக்கே வந்து முட்டியிருந்தான். மறுபடியும் போனான். மறுபடியும் அப்படித்தான். இரண்டாவது தடவை பாசியில் டியூப் சிக்கி, சேற்றில் இடுப்புவரை இறங்கி, மூச்சு வாங்க வெளியே வந்தான். அதற்குள் முருகேசனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

என் கையில் ராடு இருந்தது. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, பச்சை மீனின் வயிற்றைப் பிதுக்கி, முள்ளை வெட்டி எறிந்தேன். கனத்துக்கு அதன் வாயில் ஒரு இரும்பு நட்டைக் கட்டினேன். மோட்டாருக்காகக் கொண்டு போனது.

"தம்பி, நான் ஒரு நூலை வீசறேன். நுனியில ஒரு ரப்பர் மீன் இருக்கும். முள்ளு இல்ல, பயப்படாத. பக்கத்துல விழற சத்தம் கேட்டா சொல்லு!"

"மீனா?" என்றான் அவன்.

"அலமேலு, நீ கூப்பிட்டுக்கினே இரு. அவரு பதில் குடுக்கட்டும்."

அவள் கூப்பிட்டாள். அவன் பதில் கொடுத்தான். அந்தச் சத்தத்தின் மேல் வீசினேன். நூல் ரீலிலிருந்து உருவிக்கொண்டு போய் நின்றது. "கேக்கலியே" என்றான். சுற்றினேன். மறுபடி அவள், மறுபடி அவன். வீசினேன். "எடப்பக்கம் எங்கியோ தொப்புன்னுது." கண்ணை மூடிக்கொண்டேன். திறந்திருந்தாலும் வெள்ளைதான். குரல் எந்த இடத்தில் உடைந்ததோ அந்த இடத்தைக் குறி வைத்து வீசினேன். நூல் தளர்ந்து தண்ணீரில் படுத்தது.

டக். டக்.

மலர், எத்தனையோ மீன் என் நூலைத் தட்டியிருக்கிறது. விரால் அடித்தால் ஒரே அடி. கெளுத்தி உரசும். ஜிலேபிக் கெண்டை கொத்தும். இது அப்படி இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி தட்டியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மனிதக் கை நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிறேன் என்று சொன்னது.

நூலை வெட்டி அதன் முனையில் நைலான் கயிற்றைக் கட்டினேன். அவன் இழுத்தான். கயிறு ஒரு பாம்பு போலப் பனிக்குள் ஊர்ந்து போனது. அங்கே ஒரு வேரில் கட்டிக்கொண்டான். இங்கே நானும் அலமேலுவும் ஒரு மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். காளி கயிற்றைப் பிடித்துக்கொண்டே டியூபில் போனான். திரும்பி வரும்போது டியூபில் முருகேசன் படுத்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் நம் பச்சை மீன், அதை இறுக்கிப் பிடித்திருந்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"போனீங்களா உங்க ஆத்தா வூட்டுக்கு?" என்றாள் அலமேலு, தன் புடவைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டியபடி.

"வழி தெரியல" என்றான். பல் கிடுகிடுத்தது. பையை அவளிடம் நீட்டினான். உள்ளே சீத்தாப்பழம், எல்லாம் நசுங்கிக் கூழாகிவிட்டிருந்தது. "நசுங்கிப் போச்சு."

அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புப் பக்கத்தில் படுக்க வைத்தோம். காளி ஜமுனாமரத்தூருக்கு ஆள் அனுப்பி வண்டி வரவழைத்தான். காத்திருந்த நேரத்தில், சூடான கஞ்சி உள்ளே போனதும் முருகேசன் பேசினான். கோபித்துக்கொண்டு போனவன் கேரளா போகவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் ஒரு கூட்டாளியின் கொல்லைக் கொட்டாயில் போய்ப் படுத்துவிட்டான். நேற்றுச் சாயங்காலம் கோபம் தீர்ந்து, பழம் பறித்துக்கொண்டு, குறுக்கு வழியில் திரும்பும்போது திட்டில் வழுக்கி விழுந்திருக்கிறான்.

"முந்தாநாள் ராத்திரி மழையில மாட்டலியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கண்ணா. நேத்து பொழுது சாயத்தான்."

"அப்போ நேத்து காலையிலே கூப்பிட்டது?"

"நேத்து காலையிலயா? நான் கொட்டாயில தூங்கினு இருந்தேன். அங்கேர்ந்து கத்துனா இங்க எப்பிடிக் கேக்கும்?"

நான் அலமேலுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "மொத நாளும் இதே மாதிரியா கூப்ட்டுச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். அதே மாதிரிதான். மேலே போய் உடைந்து, உடைந்த பிறகு ஒரு மூச்சு. காளி ஏதாவது கேலி பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

வண்டி வந்து முருகேசனை ஏற்றிக்கொண்டு போயிற்று. அலமேலு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மத்தியானம் கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. கிணற்றிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. சாயங்காலம் வெயில் அடித்தபோது, விட்டுவிட்டு வந்த மீனைத் தேடிக் கரைக்குப் போனேன். இல்லை. துள்ளித் தண்ணீரில் விழுந்திருக்கும், இல்லை பருந்து தூக்கியிருக்கும். மீன் எங்கே என்று கேட்டீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், யாரையும் எழுப்பாமல் ஏரிக்குப் போனேன். ராடு எடுத்துப் போகவில்லை. பனி அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் நின்ற அதே இடத்தில் நின்றேன். முதல் நாள் கூப்பிட்டது யாராக இருந்தாலும், அதற்கு இன்னும் பதில் போகவில்லை. கையை வாயில் குவித்து, என்னால் முடிந்த அளவு உரக்க, "ஓய், இருக்கேன்" என்று கத்தினேன்.

ஏரி எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் குரல் போனது, போனதுதான்.

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பழக்கத்தில் கையையும் தூக்கினேன். பனிக்குள் என் விரல்களே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உடனே இறக்க மனம் வராமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.